ஹட்ச் நாயும் கார்லேன் நாயும்

பேத்திக்கு வருகிற மாதம் 13 வயது நிறைகிறது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டது என் தப்பு. "பக் நாய்க்குட்டி, தாத்தா" என்றாள், ஒரு நொடிகூட யோசிக்காமல். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். மருமகன், "மாமா சரின்னு சொன்னா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். கோப்பு என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்தக் கோப்பு வந்தாலும், இதற்கு முன்னால் என்ன நடந்திருக்கிறது என்று பழைய கட்டுகளைப் புரட்டி, குறிப்பு எழுதி, மேலே அனுப்பிவிடுவேன். முடிவு எடுக்கிறவர் வேறொருவர். இந்த முறை மேலே யாரும் இல்லை. ஆனாலும் பழக்கம் விடுமா? பழைய கட்டுகளிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். பக் நாய்க்குப் பழைய கட்டு நிறையவே இருக்கிறது.

நான் இந்த நாயை முதலில் பார்த்தது 1958 வாக்கில், நம் துய்மா வீதியில். அப்போது அதற்குப் பெயர் பக் இல்லை, கார்லேன். என் அப்பா கணக்கு எழுதப் போய்வந்த வீட்டு மதாமிடம் ஒன்று இருந்தது. மாதக் கடைசியில் அப்பாவோடு நானும் போவேன். மதாம் எனக்கு ஒரு பிஸ்கோத்து கொடுப்பார், அதற்கு ஒன்று கொடுப்பார். கறுத்த மூஞ்சி, சுருண்ட வால், உருண்டையான கண். வெயில் காலத்தில் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, வேலைக்காரம்மா மணிக்கொரு தரம் தண்ணீர் தெளிப்பார். எனக்காகவோ அப்பாவுக்காகவோ அல்ல, அந்த நாய்க்காக. அப்படியும் அது தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, பழைய ரயில் எஞ்சின் மாதிரி மூச்சு விடும். அது சிரிக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கார்லேன் என்ற பெயர் எப்படி வந்தது என்பதைப் பள்ளியில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் சொல்லித்தான் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இத்தாலிய நாடகக் குழு ஒன்று பெரும் புகழோடு இருந்தது. அதில் கார்லோ பெர்த்தினாஸி என்று ஒரு நடிகர், 1783இல் இறந்தவர். அர்லெகேன் என்ற கோமாளி வேடம் கட்டுவார். அந்த வேடத்துக்கு முகத்தில் கறுப்பு முகமூடி உண்டு. மேடையில் அவரை எல்லாரும் கார்லேன் என்றே அழைத்தார்கள். கறுத்த மூஞ்சியோடு இருந்த இந்த நாயைப் பார்த்ததும் பாரிஸ்காரர்களுக்கு அவர் ஞாபகம் வந்துவிட்டது. நம் ஊரில் ஒருவருக்குச் சினிமா நடிகர் பெயரைப் பட்டப்பெயராக வைப்பதில்லையா, அது போல. நடிகரை இன்று யாருக்கும் தெரியாது. நாய்க்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

நாயின் பூர்வீகம் சீனா. அங்கே அரசர் வீட்டுச் செல்லம். நெற்றியில் மடிப்புகள் சேர்ந்து, அரசன் என்ற பொருள் தரும் சீன எழுத்துப் போலத் தெரிந்தால் அதற்குத் தனி மதிப்பு. அங்கிருந்து வணிகக் கப்பல்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் தேசத் தந்தை என்று மதிக்கும் ஆரஞ்சு இளவரசர் முதலாம் வில்லியமின் பாசறைக்குள் 1572இல் ஓர் இரவு ஸ்பானியப் படை நுழைந்தபோது, அவருடைய சின்ன நாய் குலைத்தும் முகத்தின்மேல் ஏறிப் பிராண்டியும் எழுப்பியதால் உயிர் தப்பினார் என்று சொல்வார்கள். அது பக் தானா, வேறு சாதி நாயா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் ஆரஞ்சு வம்சத்தார் பக் நாயைத் தங்கள் சின்னமாகவே எடுத்துக்கொண்டார்கள். 1688இல் மூன்றாம் வில்லியம் இங்கிலாந்துக்கு அரசராகப் போனபோது பக் நாய்களும் கூடவே போயின.

இந்த மூன்றாம் வில்லியம் நமக்கும் கொஞ்சம் வேண்டப்பட்டவர்தான். அவர் ஹாலந்தின் தலைமையில் இருந்த காலத்தில்தான், 1693இல், டச்சுக்காரர்கள் பிரான்சுவா மர்த்தேனிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்தார்கள். ரிஸ்விக் ஒப்பந்தப்படி 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். நேர்நேராகக் கோடு போட்டது போல இருக்கும் நம் வீதிகளுக்கு வரைபடம் போட்டவர்கள் அவர்கள் என்பார்கள். அந்த ஆறு வருடத்தில் யாராவது ஒரு டச்சு அதிகாரி மடியில் பக் நாயோடு நம் கடற்கரையில் நடந்திருப்பாரோ என்று எனக்கு ஓர் ஆசை. ஆதாரம் எதுவும் இல்லை. ஆசைக்கு ஆதாரம் எதற்கு?

பிரெஞ்சுக்காரர்கள் கதை இதைவிட ருசியானது. ஜோசஃபீனிடம் ஃபொர்த்துயுனே என்று ஒரு கார்லேன் இருந்தது. அதிர்ஷ்டசாலி என்று பொருள். 1794இல் புரட்சிக்காரர்கள் அந்த அம்மாளைச் சிறையில் வைத்திருந்தபோது, பிள்ளைகளோடு வந்த நாயின் கழுத்துப்பட்டிக்குள் சேதிகளை மறைத்து அனுப்பினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. 1796இல் நெப்போலியன் அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். முதல் இரவில் பார்த்தால் கட்டிலில் நாய் படுத்திருக்கிறது. இறக்கிவிடச் சொன்னால் அம்மாள் சம்மதிக்கவில்லை. நாய் அவர் காலைக் கடித்துவிட்டது. பிற்பாடு நெப்போலியனே நாயைக் காட்டி இதைச் சொன்னதாகக் கவிஞர் அர்னோ தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவையே ஆட்டிவைத்த மனிதர், ஒரு முழ உயரம் இல்லாத நாயிடம் படுக்கையில் இடம் கேட்டு நின்றிருக்கிறார். அடுத்த வருடம் இத்தாலியில், சமையற்காரரின் பெரிய நாயிடம் வம்புக்குப் போய் அந்த அதிர்ஷ்டசாலி செத்துப்போனது. ஜோசஃபீன் சீக்கிரமே இன்னொரு கார்லேனைக் கொண்டுவந்துவிட்டார்.

ஜெர்மனியில் நடந்த கூத்து வேறு. 1738இல் போப்பாண்டவர் கத்தோலிக்கர்கள் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேரக்கூடாது என்று உத்தரவு போட்டார். சும்மா இருப்பார்களா? பக் நாயின் பெயரில் வேறொரு ரகசியச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். பெண்களுக்கும் அதில் இடம் உண்டு. சேர வருகிறவர் நாய் மாதிரிக் கதவைப் பிராண்ட வேண்டும். பீங்கானில் செய்த பக் நாயின் பின்பக்கத்தில் முத்தம் கொடுக்க வேண்டும். 1745இல் வெளியான ஒரு பிரெஞ்சுப் புத்தகம் இந்த ரகசியங்களையெல்லாம் அம்பலப்படுத்திவிட்டது. இதைப் பேத்திக்குச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில், கோப்பு அவள் பக்கமே சாய்ந்துவிடும் போலிருந்தது.

அதே 1745இல்தான் லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் தன்னையும் தன் பக் நாயையும் சேர்த்து ஒரு படம் வரைந்து முடித்தார். நாயின் பெயர் ட்ரம்ப். (இன்றைய அரசியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!) படம் இப்போது லண்டன் டேட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. பேத்தி அதைக் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பார்த்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த நாய்க்கு மூக்கு இருந்தது.

நீளமான மூக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முகத்துக்கு முன்னால் மூக்கு என்று ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. கோயா வரைந்த பொந்தேஹோஸ் சீமாட்டி படத்தில் காலடியில் நிற்கும் பக் நாயும் அப்படித்தான். காது நறுக்கியிருக்கிறார்கள், அந்தக் காலக் கொடுமை. ஆனால் கால் உயரம், உடம்பு கச்சிதம், மூக்கு முன்னால். நெப்போலியனைக் கடித்ததும் அப்படிப்பட்ட நாயாகத்தான் இருந்திருக்கும். இன்றைய பக் ஒருவரைக் கடிக்க வேண்டுமானால் முகத்தையே முட்டுக்கொடுக்க வேண்டும்.

நடுவில் என்ன நடந்தது? விக்டோரியா மகாராணி பக் வளர்த்தார். அரண்மனையில் இருப்பதை ஊரும் வளர்த்தது. 1873இல் கென்னல் கிளப், 1883இல் பக் நாய்க்கென்றே ஒரு கிளப். போட்டிகள், பரிசுகள். தட்டையான முகத்துக்குப் பரிசு கிடைத்தால், அடுத்த ஈட்டில் அதைவிடத் தட்டையான முகம் வேண்டும். தட்டையோடு தட்டையைச் சேர்த்துச் சேர்த்து, நூறு வருடத்தில் மூக்கை உள்ளே தள்ளிவிட்டார்கள். எலும்பு சுருங்கியது. ஆனால் உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. மெல்லண்ணம் நீளமாகத் தொங்கி மூச்சுக்குழாய் வாயை அடைக்கிறது. மூக்குத் துவாரம் ஒரு கீறல் போல இருக்கிறது. சின்ன பெட்டிக்குள் பெரிய துணி மூட்டையைத் திணித்தது மாதிரி.

மதாம் வீட்டு நாய் சிரிக்கவில்லை. மூச்சுக்கு அலைந்தது. இது எனக்குத் தெரிய அறுபது வருடம் ஆயிற்று. தெரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் என் மனைவியைத் தவிர யாருக்கும் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

2003இல் தொலைக்காட்சியில் ஹட்ச் விளம்பரம் வந்தது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ஒரு சிறுவன் எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு பக் போகும். அன்றிலிருந்து இந்த நாட்டில் அதற்கு ஹட்ச் நாய் என்று பெயர். 2007இல் கம்பெனி வோடஃபோன் ஆனதும் நாய் ரோஸ் கூண்டிலிருந்து சிவப்புக் கூண்டுக்கு மாறியது. அதற்குள் ஊரெங்கும் ஆளாளுக்கு ஒன்று வாங்கிவிட்டார்கள். என் தங்கை மகனும் வாங்கினான். குட்டி என்று பெயர் வைத்தான். நல்ல நாய். யாரைக் கண்டாலும் வாலோடு சேர்ந்து பின்பாதி முழுவதும் ஆடும். குலைக்கவே தெரியாது. குழந்தைகள் மேலே ஏறி மிதித்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

ஒரு மே மாதம், கல்யாணம் ஒன்றுக்காக நாலு நாள் வெளியூர் போனவன் குட்டியை எங்கள் வீட்டில் விட்டுப்போனான். "மாமா, வெயிலில் மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க" என்று சொல்லித்தான் போனான். மூன்றாம் நாள் காலை நான் எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. நாய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. பத்து மணி இருக்கும். அக்னி நட்சத்திரம். தெருமுனை வரைதானே, ஐந்து நிமிஷம்தானே என்று சங்கிலியை மாட்டினேன். எங்கள் தெருவில் அந்த நேரத்தில் நாட்டு நாய்கள் இரண்டு வெயிலிலேயே நடந்து போய்க்கொண்டிருந்தன. அதுவும் நாய், இதுவும் நாய் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது குட்டி உட்கார்ந்துவிட்டது. நாக்கு ஊதா நிறமாக இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஈரத் துண்டால் சுற்றி, ஆட்டோ பிடித்தேன். வழியில் என் மடியிலேயே மூச்சு நின்றுவிட்டது. ஆட்டோக்காரர் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

பிற்பாடுதான் ஒரு கால்நடை மருத்துவர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அந்தக் காற்று போகும் வழியே அடைத்திருந்தால் எப்படித் தள்ளும்? இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கி, வழி இன்னும் அடைபடும். அது மட்டுமில்லை, நம் ஊர்க் காற்றில் கடல் ஈரம் வேறு. சூடு ஏறிவிட்டால் முதலில் அந்த இடத்திலேயே உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படும்படி விசிற வேண்டுமாம். பிறகுதான் வண்டி. ஈரத் துண்டால் சுற்றினால் சூடு உள்ளேயே தங்கிவிடுமாம். நான் செய்தது அத்தனையும் தலைகீழ். தங்கை மகன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ஆகவே பக் நல்ல நாயா என்று யாராவது கேட்டால், நாய் நல்ல நாய், நாம் அதற்குச் செய்து வைத்திருப்பதுதான் சரியில்லை என்பேன். பிரிட்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று 2022இல் வெளியிட்ட ஆய்வில் 4,308 பக் நாய்களையும் மற்ற சாதி நாய்கள் 21,835ஐயும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு நோயாவது வரும் வாய்ப்பு பக் நாய்க்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூச்சுவழி அடைப்பு நோய் மட்டும் 54 மடங்கு. உடல்நலத்தைப் பொறுத்தவரை இதைச் சாதாரண நாய் என்று இனிமேல் எண்ண முடியாது என்றே எழுதிவிட்டார்கள். அதுவும் குளிர்ந்த நாட்டில்.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது டச்சுக்காரர்கள். அரச வம்சமே சின்னமாக வைத்துக் கொண்டாடிய ஊர் அல்லவா? அங்கே 2019 முதல், மூக்கின் நீளம் மண்டை நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாயை ஈனவைக்கக் கூடாது என்று விதியை அமல்படுத்திவிட்டார்கள். இன்றைய பக் பெரும்பாலும் அந்த அளவில் தேறாது. ஹோகார்த்தின் நாயை அளந்து பார்க்க எனக்கு ஆசை.

வாங்க நினைக்கிறவர்களுக்காக, வரலாற்றை விட்டு வீட்டு விஷயமும் கொஞ்சம். எட்டு கிலோவைத் தாண்ட விடக்கூடாது. சோறு கேட்டு அது பார்க்கிற பார்வைக்கு மசிந்தால் குண்டாகிவிடும், மூச்சு இன்னும் திணறும். கழுத்துப்பட்டி கூடாது, மார்பில் மாட்டும் பட்டைதான் சரி. முக மடிப்புகளைத் தினம் துடைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண்ணாகும். கண் வெளியே துருத்தியிருப்பதால் பூனை ஒரு கீறு கீறினால் போச்சு. முடி சின்னதுதானே என்று நினைக்காதீர்கள், கட்டில், சோறு, வேட்டி எல்லாவற்றிலும் கொட்டும். மூக்கு தட்டையான நாய்களை விமானத்தில் சரக்கோடு ஏற்றப் பல கம்பெனிகள் மறுக்கின்றன. சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத வீட்டில் பகலில் வைத்திருப்பது பாவம். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கும் பதில் வேண்டும். காவலுக்கு என்று நினைத்தால் வேண்டவே வேண்டாம், திருடனுக்கு அது வழி காட்டும்.

இத்தனையும் எழுதி, கடைசியில் "பரிந்துரைக்க இயலவில்லை" என்று முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, குட்டி கதையையும் சொன்னேன். மறைக்கவில்லை. அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப நீங்க பயப்படறீங்களா, தாத்தா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் கழித்துத்தான் மருமகன் ஒரு சேதி கொண்டுவந்தார். அவரோடு வேலை செய்கிறவர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போகிறார். மூன்று வயது பக் ஒன்று இருக்கிறது. விமானத்தில் ஏற்ற முடியவில்லை. எடுத்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள்.

இது வேறு கோப்பு. குட்டியை விலைக்கு வாங்கினால், இன்னும் பத்துக் குட்டி இதே மூக்கோடு பிறக்க நாம் பணம் கொடுக்கிறோம். இந்த நாய் ஏற்கெனவே பிறந்துவிட்டது. அதற்கு எங்காவது ஒரு வீடு வேண்டும். ஏசி அறை உள்ள வீடு, பகலில் ஆள் இருக்கிற வீடு, விடியற்காலை நாலரைக்கே தூக்கம் கலைந்துவிடும் கிழவன் ஒருவன் இருக்கிற வீடு என்றால் இன்னும் நல்லது. நடையெல்லாம் ஐந்தரைக்குள் முடித்துவிடலாம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். மருத்துவர் நாயின் மூச்சைக் குழாய் வைத்துக் கேட்பார். மூன்று நிமிஷம் துரிதமாக நடக்கவிடுவார். பிறகு மறுபடி கேட்பார். குறட்டை போலச் சத்தம் கூடுகிறதா, மூக்குத் துவாரம் திறந்திருக்கிறதா என்று பார்த்துத் தரம் போடுவார். அடைப்பு அதிகமானால் துவாரத்தை அகலப்படுத்த அறுவை சிகிச்சை உண்டு, அதற்கும் செலவு யோசிக்க வேண்டும். நமக்குத் தெரிந்த மருத்துவர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குப் போகிறோம். மூன்று நிமிஷத்தைப் பார்க்க என் பழைய கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள் பேத்தி. அதற்குச் சாவி கொடுக்க வேண்டும் என்பதை இன்னும் சொல்லவில்லை.